உடை அலமாரி

உடை அலமாரி என்பது உடைகளையும் அவற்றோடு சேர்ந்த சிறு பொருட்களையும் கதவுகளுக்குள் மடித்து அடுக்கியோ தொங்கவிட்டோ வைப்பதற்குப் பயன்படும் அறைகலன் ஆகும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இரும்பாலானது பீரோ என்றும், சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டது கப்போர்டு அல்லது வார்ட்ரோப் என்றும் அழைக்கப்படுகின்றது. இலங்கைத் தமிழில் அலுமாரி என்பதே பொதுவான சொல். பெரும்பாலான வீடுகளில் இது படுக்கையறையில் இருப்பதால், அவ்வறையின் ஒழுங்கு பெருமளவுக்கு இதன் அளவையும், அதைவிடக் கூடுதலாக இதன் உள்ளமைப்பையும் சார்ந்துள்ளது. பெரிய அலமாரி வாங்கிய பின்னரும் நாற்காலியிலும் கட்டிலிலும் துணி கிடப்பது பலரும் கண்ட அனுபவமே. அதற்கான காரணங்களும், அலமாரியைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவையும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சொற்பிறப்பு

அலமாரி என்னும் சொல் போர்த்துக்கேய மொழியின் அர்மாரியோ என்னும் சொல்லில் இருந்து வந்தது. அதற்கு மூலமான இலத்தீன் சொல் அர்மாரியம், ஆயுதங்களையும் கருவிகளையும் வைக்கும் இடத்தைக் குறித்தது. மேசை, சாவி, சன்னல் ஆகிய சொற்களும் போர்த்துக்கேயத்தில் இருந்தே தமிழுக்கு வந்தவை. அலமாரியும் அதைப் பூட்டும் சாவியும் ஒரே மொழியில் இருந்து வந்திருப்பது குறிப்பிடத்தக்கது. பீரோ என்பது பிரெஞ்சுச் சொல். எழுதும் மேசையின் மீது விரிக்கப்பட்ட முரட்டுக் கம்பளித் துணியின் பெயர் முதலில் மேசைக்கும், பின்னர் மேசை இருந்த அலுவலகத்துக்கும் ஆகி வந்தது. பிரான்சில் இன்று பீரோ என்றால் எவரும் துணி வைக்கும் பெட்டியை நினைப்பதில்லை.

ஆங்கிலச் சொல்லான வார்ட்ரோப், உடையைக் காப்பது என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து பிறந்தது. தொடக்கத்தில் இது அறைகலன் அன்று. ஒரு தனி அறை. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசரின் உடைக் காப்பகம், விலையுயர்ந்த பொருட்களும் பணமும் அங்கேயே வைக்கப்பட்டதால், போர்ச் செலவுகளையும் கவனிக்கும் நிதித் துறையாகவே செயற்பட்டது. தமிழ்நாட்டுப் பீரோவின் உள்ளே நகையும் நிலப் பத்திரமும் வைக்கும் லாக்கர் இருப்பதோடு இதை ஒப்பிடலாம்.

வரலாறு

மிகப் பழைய காலம் தொட்டு உடைகள் பெட்டிகளிலேயே வைக்கப்பட்டு வந்தன. 1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய அரசர் துட்டன்காமனின் கல்லறையில் மடித்த உடைகள் மரப்பெட்டிகளில் கிடைத்தன. ஐரோப்பாவிலும் நீண்ட காலம் மரப்பெட்டியும் சுவரில் அடித்த மர முளைகளுமே பயன்பட்டன. தோள் வடிவிலான ஹேங்கர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்னரே பரவலானது. அதன் பின்னரே அலமாரிக்குள் குறுக்குக் கம்பி ஒன்று இருக்க வேண்டிய தேவை ஏற்பட்டது.

தமிழர் வீடுகளில் உடைகளுக்கு இரண்டு இடங்கள் இருந்தன. நல்ல துணிகளுக்கு மரப்பெட்டி, பின்னாளில் டிரங்குப் பெட்டி. அன்றாடத் துணிகளுக்குக் கொடி. கொடி என்பது அறையின் குறுக்கே கட்டப்பட்ட கயிறு அல்லது உத்தரத்தில் இருந்து தொங்கவிடப்பட்ட மூங்கில் கழி. காலையில் கட்டிய வேட்டியோ துண்டோ மாலையில் கொடிக்குப் போகும். மறுநாள் அங்கிருந்தே எடுக்கப்படும். பெட்டிக்குள் போவது துவைத்த துணி மட்டுமே. இந்த இரட்டை ஏற்பாட்டின் பயன், கொடி மறைந்த பிறகே புலப்படுகின்றது. இதுபற்றிக் கீழே காண்க.

இந்தியாவில் இரும்பு அலமாரியின் வரலாறு கோத்ரெஜ் நிறுவனத்தோடு தொடர்புடையது. 1897-இல் பம்பாயில் பூட்டுத் தயாரிப்பில் இறங்கிய இந்நிறுவனம், பின்னர் பாதுகாப்புப் பெட்டகங்களையும் 1923 முதல் இரும்பு அலமாரிகளையும் செய்தது. காலப்போக்கில் உள்ளூர்ப் பட்டறையில் செய்த பீரோவையும் மக்கள் கோத்ரெஜ் பீரோ என்றே அழைக்கும் அளவுக்கு இப்பெயர் நிலைத்தது. கறையான் அரிக்காது, பூட்டு உறுதியானது, வீடு மாறும்போது அப்படியே தூக்கிச் செல்லலாம் என்பன இதன் செல்வாக்குக்குக் காரணங்கள். திருமணச் சீர்வரிசையில் கட்டிலோடு பீரோவும் இடம்பெற்றது. புது மணமக்களின் அறை எவ்வளவு சிறிது என்பதைப் பார்த்து அது வாங்கப்பட்டதாகச் சொல்வதற்கில்லை.

மடிக்கும் உடையும் தொங்கும் உடையும்

அலமாரியின் வடிவத்தைத் தீர்மானிப்பது உடையின் வெட்டு ஆகும். சேலை, வேட்டி, துண்டு ஆகியன நெய்த நிலையிலேயே உடுத்தப்படும் நீள்சதுரத் துணிகள். இவற்றை எத்தனை முறை மடித்தாலும் தட்டையாகவே இருக்கும். சப்பானியக் கிமோனோவும் நேர்கோட்டுத் துண்டுகளால் ஆனதால், தட்டையாக மடித்து, காகித உறையிட்டு, பவுலோனியா மரத்தாலான தன்சு என்னும் இழுப்பறைப் பெட்டிகளில் வைக்கப்பட்டது. தோளுக்கும் இடுப்புக்கும் ஏற்ப வளைத்து வெட்டித் தைக்கப்படும் சட்டை, கோட்டு, சுரிதார் போன்றவையோ மடித்தால் சுருங்கும்; தொங்கவிட்டால் வடிவம் நிலைக்கும்.

நமது பீரோ சேலைக்காக ஏற்பட்டது. பொதுவாக விற்கப்படும் பீரோ ஏறத்தாழ 198 செ.மீ உயரமும், 91 செ.மீ அகலமும், 48 செ.மீ ஆழமும் உடையது. மடித்த சேலைக்கு இந்த ஆழம் தாராளம். ஆனால் ஆண்களின் சட்டைக்கான ஹேங்கர் 42 முதல் 45 செ.மீ வரை அகலமானது. இரும்புத் தகட்டையும் கதவையும் கழித்தால் அது உள்ளே இடிபடாமல் நிற்பதற்கு இடம் மட்டுமட்டாகவே இருக்கும். இதனால்தான் பல பீரோக்களில் தொங்கும் சட்டைகள் சற்றுக் கோணலாகத் திரும்பி நிற்கின்றன. தொங்கவிடும் உடைகளுக்கென்று செய்யும் அலமாரியின் உள் ஆழம் 55 செ.மீக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வெளி அளவில் இது ஏறத்தாழ 60 செ.மீ, அதாவது 2 அடி ஆகும்.

ஆகவே கடைக்குச் செல்லும் முன் செய்யவேண்டியது வீட்டிலுள்ள துணிகளை எண்ணுவதாகும். எத்தனை தொங்க வேண்டியவை, எத்தனை மடிக்க வேண்டியவை, எத்தனை உள்ளாடை, கைக்குட்டை போன்ற சிறியவை என்று தனித்தனியே எண்ண வேண்டும். சேலை மிகுதியாக உடுத்தும் வீட்டுக்கும், அலுவலகச் சட்டைகளும் சுரிதார்களும் மிகுந்த வீட்டுக்கும் ஒரே அலமாரி பொருந்தாது.

அறையும் அளவும்

இந்தியத் தேசியக் கட்டட நெறிமுறை, வாழும் அறை ஒன்றுக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பளவு வேண்டும் என்கிறது. இரண்டு அறைகள் இருந்தால் இரண்டாவது 7.5 சதுர மீட்டர் வரை குறையலாம். 9.5 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ பத்துக்குப் பத்து அடி அறை.

பத்தடி என்பது 305 செ.மீ. இதில் 150 செ.மீ அகலக் கட்டிலை ஒரு சுவரோரமாகவும், 60 செ.மீ ஆழ அலமாரியை எதிர்ச்சுவரோரமாகவும் வைத்தால் இடையில் 95 செ.மீ எஞ்சும். கதவு 45 செ.மீ அகலமானால், திறந்த கதவுக்கும் கட்டிலுக்கும் இடையே 50 செ.மீ இருக்கும், ஒருவர் நிற்கலாம். கதவு 60 செ.மீ ஆனால் 35 செ.மீ மட்டுமே மிஞ்சும். நிற்பவர் கட்டிலில் உட்கார நேரிடும். திறக்கச் சிரமமான அலமாரி நாளடைவில் திறக்கப்படாத அலமாரி ஆகிவிடுகின்றது. துணி கட்டிலிலேயே தங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்குமுன் அலமாரியின் ஆழத்தையும் கதவின் வீச்சையும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, அதற்குள் நின்று பார்ப்பது எளிய சோதனை ஆகும். மின்விசிறியின் ஆளி, சன்னல், அறைக்கதவு ஆகியன மறைபடுகின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

நகரும் கதவுகளுக்கு முன்னால் வெற்றிடம் தேவையில்லை. ஆனால் தண்டவாளத்துக்காக ஆழத்தில் சில செண்டிமீட்டர்கள் போகும். ஒரு நேரத்தில் பாதி அலமாரியையே பார்க்க முடியும். தண்டவாளத்தில் சேரும் தூசியைத் துடைக்காவிட்டால் கதவு நகராது.

கட்டுமானப் பொருட்கள்

இரும்பு பீரோ குளிர்முறையில் உருட்டிய உருக்குத் தகட்டால் செய்யப்படுகின்றது. தகட்டின் தடிப்பு கேஜ் என்னும் எண்ணால் கூறப்படும். எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை வாங்குவோர் பலர் அறிவதில்லை. 20 கேஜ் தகடு ஏறத்தாழ 0.9 மி.மீ, 22 கேஜ் அதைவிட மெல்லியது. கடலோர ஊர்களில் வண்ணப்பூச்சு உரிந்த இடம் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் அடித்தட்டின் உட்புறத்தையும் கால்களையும் ஆண்டுக்கொரு முறையாவது பார்க்க வேண்டும்.

ஒட்டுப்பலகையில், அதாவது பிளைவுட்டில், இந்தியத் தரநிலைகளின்படி ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கும், ஐ.எஸ். 710 என்பது மிகுந்த நீர்த்தாங்கு திறன் வேண்டும் இடங்களுக்கும் உரியன. படுக்கையறைக்கு முதலாவதே போதும். அலமாரியின் முதுகு குளியலறைச் சுவரை ஒட்டியிருந்தால் இரண்டாவது பொருத்தமானது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு விலை குறைந்தது. ஆனால் ஓரம் நனைந்தால் ஊதிப் பெருத்துவிடும். மீண்டும் பழைய நிலைக்கு வராது. திருகாணியை ஒருமுறை கழற்றி மாட்டினால் பிடிப்புக் குறையும். எனவே அடிக்கடி வாடகை வீடு மாறுவோருக்கு இது ஏற்றதன்று. இப்பலகைகளில் பயன்படும் பசையில் இருந்து பார்மால்டிகைடு வளி சிறிது சிறிதாக வெளியேறும். இவ்வளி மனிதரில் புற்றுநோய் விளைவிப்பது என 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. உமிழ்வு குறைந்தது எனக் குறிக்கப்பட்ட பலகையைக் கேட்டு வாங்குவதும், புது அலமாரியைச் சில நாட்கள் திறந்து சன்னல் காற்றில் விடுவதும் நன்று.

தட்டுகளின் தொய்வு பற்றி ஒரு குறிப்பு. சம தடிப்புள்ள இரு தட்டுகளில் ஓர் அடிக்கு ஒரே அளவு பாரம் வைக்கப்பட்டால், தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கோடு கூடும். அதாவது 3 அடித் தட்டு 2 அடித் தட்டைவிட ஒன்றரை மடங்கு அல்ல, ஏறத்தாழ 5 மடங்கு தொய்யும். தடிப்பு கூடும்போது தொய்வு அதன் மூன்றாம் அடுக்கில் குறையும். பட்டுச் சேலை ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும். முப்பது சேலை என்றால் பாரம் எளிதில் 15 கிலோவைத் தாண்டும். நீண்ட தட்டின் நடுவில் ஒரு நிலைப்பலகை வைக்கத் தச்சரிடம் சொல்வது தடித்த பலகை வாங்குவதைவிடச் செலவு குறைந்த வழி.

உள்ளமைப்பு

சட்டைகள் தொங்கும் பகுதிக்கு 100 செ.மீ உயரம் போதுமானது. ஆகவே 2 மீட்டர் உயரத்தில் கீழும் மேலுமாக இரண்டு கம்பிகள் வைக்கலாம். நீண்ட கவுன் போன்றவற்றுக்கு 150 செ.மீ வரை தேவைப்படும். இஸ்திரி போட்ட சட்டை ஒன்று கம்பியில் 3 முதல் 4 செ.மீ இடத்தை எடுக்கும். இருபது சட்டைகளுக்கு 70 செ.மீ எனக் கொள்ளலாம். இதைவிட நெருக்கினால் ஒன்றை எடுக்க மற்றொன்று கசங்கும்.

தட்டுகளுக்கு இடையே 30 முதல் 35 செ.மீ இடைவெளி போதும். அதற்குமேல் விட்டால் அடுக்கு உயர்ந்து சாயும். கணினியியலில் அடுக்கு என்பது கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் தரவுக் கட்டமைப்பின் பெயர். துணி அடுக்கும் அவ்வாறே. மேலுள்ள இரண்டு துணிகள் மாறிமாறி உடுத்தப்படும். கீழே இருப்பவை மறக்கப்படும். நடுவில் உள்ளதை உருவினால் அடுக்கு குலையும். இதற்கு மாற்றாக, மடித்த துணிகளை இழுப்பறையில் நூல்களைப் போல நிறுத்தி வைக்கும் முறையைச் சப்பானியரான மாரி கொண்டோ தமது நூல்களின் வழியாகப் பரப்பினார். எல்லாத் துணியும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவது இதன் சிறப்பு. பனியன், குழந்தைகளின் சட்டை, உள்ளாடை ஆகியவற்றுக்கு இது மிகவும் பொருந்தும். வழுக்கும் பட்டுக்கும் செயற்கை இழைச் சேலைக்கும் பொருந்தாது, அவை நிற்பதில்லை.

எதை எங்கே வைப்பது என்பதற்கு வகைப்படி, நிறப்படி, ஆள்படி எனப் பல முறைகள் கூறப்படுகின்றன. கணினியியலில் இருந்து ஒரு விடையும் கிடைக்கின்றது. ஒரு வரிசையில் தேடி எடுத்த உருப்படியை வரிசையின் முன்னால் வைத்துவிடும் எளிய முறை, எதிர்காலத்தில் எவை தேவைப்படும் என்பதை முன்னரே அறிந்து அடுக்கும் மிகச்சிறந்த முறையைவிட இரு மடங்குக்கு மேல் செலவு வைக்காது என்று 1985-இல் டேனியல் ஸ்லீட்டர், இராபர்ட் டார்ஜன் ஆகியோர் நிறுவினர். வீட்டு நடைமுறையில் இதன் பொருள், துவைத்து வந்த துணியைக் கம்பியின் ஒரே முனையில், எடுத்துக்காட்டாக வலப்பக்கத்தில், மாட்டுவது மட்டுமே. ஆறு மாதம் கழித்து இடக்கோடியில் இருப்பவை எவரும் உடுத்தாதவை எனக் கண்டுகொள்ளலாம். பண்டிகை உடைகளையும் மழைக்கோட்டையும் இக்கணக்கில் சேர்க்கக்கூடாது. இவை ஆண்டுக்கு ஒருமுறையே தேவைப்பட்டாலும் கட்டாயம் தேவைப்படுபவை. இவற்றை மேல்தட்டிலோ பரணிலோ வைக்கலாம்.

அலமாரியை முழுவதும் நிரப்பாமல் விடுவது இன்றியமையாதது. துணியை எடுக்க எவருக்கும் சோம்பல் இல்லை, வைக்கத்தான் சோம்பல். வெளியே போக வேண்டியவர் எப்படியும் ஒரு சட்டையை உருவிவிடுவார். துவைத்து மடித்த பத்துத் துணிகளை நெருக்கமான தட்டில் செருகுவதற்கு அத்தகைய கட்டாயம் ஏதுமில்லை. ஐந்தில் ஒரு பங்கு இடமாவது காலியாக இருக்கும் அலமாரிக்கே துணி திரும்பிச் செல்லும்.

இடைநிலைத் துணி

படுக்கையறை ஒழுங்கின்மைக்கு முதன்மையான காரணம் அலமாரியின் அளவு அன்று. இடம் ஒதுக்கப்படாத ஒரு துணி வகையே ஆகும். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் உடுத்திய சட்டை, நேற்றிரவு அணிந்த இரவுடை, கோயிலுக்குக் கட்டிச் சென்று வந்த சேலை ஆகியன துவைத்த துணியோடு சேர்க்கத் தக்கவை அல்ல. அழுக்குக் கூடைக்குப் போகவும் வேண்டியதில்லை. அலமாரி துவைத்த துணிக்கு, கூடை அழுக்குத் துணிக்கு என்று இரண்டே இடங்கள் உள்ள வீட்டில் இந்த மூன்றாம் வகை நாற்காலியின் முதுகிலும் கதவின் மேலும் கட்டிலின் காலிலும் தங்குகின்றது. இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது வீட்டில் வழக்கம். ஆனால் வைக்க இடமே இல்லாத பொருளை வைக்கவில்லை என்பது குற்றம் ஆகாது.

பழைய வீட்டில் இந்த வேலையைக் கொடி செய்து வந்தது. பீரோ வந்தபோது அது டிரங்குப் பெட்டியின் இடத்தை எடுத்துக்கொண்டதே தவிரக் கொடியின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அழகு கருதிக் கொடியை அவிழ்த்த பின் அதன் பணி நாற்காலிக்கு வந்து சேர்ந்தது.

இத்துணிகளைப் பீரோவுக்குள் திணிப்பது தீர்வாகாது. வியர்வை ஈரம் மூடிய இடத்தில் நாற்றத்தையும் பூஞ்சையையும் உண்டாக்கி மற்றத் துணிகளுக்கும் பரப்பும். காற்றோட்டமான, திறந்த இடமே இவற்றுக்கு வேண்டும். கதவுக்குப் பின்புறமோ அலமாரியின் பக்கவாட்டிலோ ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று கொக்கிகள் போதும். கொக்கிகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பது முக்கியம். கொக்கி நிறைந்தவுடன் ஏதேனும் ஒன்று கூடைக்குப் போயாக வேண்டும் என்பதால் குவியல் தானாகவே மட்டுப்படும். பத்துக் கொக்கிகள் அடித்தால் சுவரே நாற்காலி ஆகிவிடும். புதிதாக அலமாரி செய்வோர், கதவில்லாத 30 செ.மீ அகலப் பகுதி ஒன்றை இதற்கென விடச் சொல்லலாம்.

பட்டுச் சேலைகள்

பட்டுச் சேலைகளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பது மரபு. நெகிழிப் பை ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதால் ஏற்றதன்று. வெள்ளி கலந்த சரிகை கந்தகச் சேர்மங்கள் பட்டால் கறுக்கும். இரப்பர் வளையங்களில் கந்தகம் இருப்பதால் சேலையை அவற்றால் கட்டக்கூடாது. நீண்ட நாள் ஒரே மடிப்பில் இருந்தால் மடிப்புக் கோட்டில் இழை நைந்து, பின்னர் அங்கேயே கிழியும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, வேறு மடிப்பில் மடிக்க வேண்டும். கனத்த சரிகைச் சேலைகளை நெடுநாள் ஹேங்கரில் விடுவதும் நல்லதன்று. எடை முழுவதும் ஒரே கோட்டில் இறங்கும். கம்பி ஹேங்கரானால் துருக்கறையும் சேரும்.

ஈரமும் பூச்சியும்

காற்றின் சார்பு ஈரப்பதன் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் துணியிலும் தோல் பொருட்களிலும் பூஞ்சை வளரக்கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகக் கடலோரத்தில் இது வழமையான நிலையே. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் 5 செ.மீ அளவாவது தள்ளி வைத்தால் பின்புறம் காற்று செல்லும். தென்மேற்கு மூலையில் பீரோவை வைத்து வடக்கு நோக்கித் திறக்க வேண்டும் என்பது வாஸ்து நம்பிக்கை. எந்த மூலையானாலும் அச்சுவரில் மழைக்காலத்தில் கசிவு உண்டா என்று பார்த்தபின் வைப்பது நல்லது. தரைத்தள வீடுகளில் பத்திரங்களும் சான்றிதழ்களும் பட்டுச் சேலைகளும் அடித்தட்டில் இருக்கக்கூடாது. 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் திசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்துப்பூச்சியின் புழு கம்பளி, பட்டு போன்ற விலங்குப் புரத இழைகளைத் தின்னும். வெள்ளிமீன் பூச்சி மாப்பொருளை நாடுவது; கஞ்சி போட்ட பருத்தியை அது கடிக்கும். எனவே நெடுநாள் எடுக்காத வேட்டிகளையும் பருத்திச் சேலைகளையும் கஞ்சி போடாமல் வைக்க வேண்டும். வியர்வையும் உணவுக் கறையும் உள்ள துணியே பூச்சியை முதலில் ஈர்க்கும். வேப்பிலை, வசம்பு ஆகியவற்றைத் துணியிடையே இடுவது பழைய வழக்கம்.

இன்று பரவலாகப் பயன்படும் அந்துருண்டை நாப்தலீன் அல்லது பாராடைகுளோரோபென்சீன் என்னும் வேதிப்பொருளால் ஆனது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் சேர்த்து வைத்தால் இளகி நீர்த்துத் துணியில் கறை படியும். நாப்தலீனின் ஆபத்து இதைவிடப் பெரியது. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளில் இதன் ஆவி செங்குருதி அணுக்களைச் சிதைத்து, கடும் குருதிச்சோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும். பிறந்த குழந்தையில் காமாலை முற்றினால் மூளை பாதிக்கப்படும்; உயிரிழப்பும் நேரலாம். இக்குறைபாடு இந்தியாவிலும் உண்டு. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தம் குழந்தைக்கு இருப்பது முன்கூட்டியே தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாப்தலீன் அந்துருண்டைகளைத் தடை செய்தது.

தமிழர் வீடுகளில் பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் அல்லாமல், பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டியிலோ சேலையிலோ கிடத்துவது வழக்கம். அத்துணி பல ஆண்டுகள் அந்துருண்டையோடு பீரோவில் கிடந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். நாப்தலீன் கொழுப்பில் கரைவதால், எண்ணெய் தேய்த்த குழந்தையின் தோல் வழியே எளிதில் உட்செல்லவும் கூடும். ஆகவே குழந்தைக்கென எடுத்து வைக்கும் துணி அந்துருண்டை படாத இடத்தில் இருந்ததாக இருக்க வேண்டும். அவ்வாறான துணி கிடைக்காவிட்டால், பழைய துணியைத் துவைத்துப் பல நாட்கள் வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, சிறிதும் மணம் இல்லாத நிலையிலேயே பயன்படுத்த வேண்டும். குழந்தை உறங்கும் அறையிலுள்ள அலமாரியில் இவ்வுருண்டைகளை வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. தவழும் குழந்தைகள் இதை மிட்டாய் என்று விழுங்குவதும் உண்டு.

கவிழும் அபாயம்

திறந்த இழுப்பறைகளைப் படிகளாகக் கொண்டு குழந்தைகள் ஏறும்போது அலமாரி முன்னோக்கிக் கவிழலாம். இழுப்பறை வெளியே வரும்போதே அலமாரியின் புவியீர்ப்பு மையம் முன்னால் நகர்கின்றது. அதன்மேல் குழந்தையின் எடையும் சேர்ந்தால், அம்மையம் முன் கால்களைத் தாண்டிவிடுகின்றது. அமெரிக்காவில் குழந்தைகள் இவ்வாறு இறந்ததைத் தொடர்ந்து ஐக்கியா நிறுவனம் 2016-இல் அங்கு ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் இழுப்பறை அறைகலன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022 திசம்பரில் அந்நாட்டில் இதற்கெனச் சட்டம் ஒன்று கையெழுத்தானது. 2023 செப்டம்பர் 1 முதல் அங்கு விற்பனைக்காகச் செய்யப்படும், 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமான உடை அறைகலன்கள், 60 பவுண்டு எடையுள்ள குழந்தை ஏறுவதற்கு ஈடான சோதனையையும் தாங்க வேண்டும்.

நம் பீரோவில் வெளி இழுப்பறைகள் குறைவு என்பதால் அபாயம் இல்லை என்று எண்ணக்கூடாது. தரை சமமாக இல்லாதபோது முன்கால்களின் கீழ் அட்டைத் துண்டு செருகிச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். பீரோ சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது தவறில்லை, முன்னோக்கிச் சாய்ந்திருக்கக்கூடாது. கனமான பொருட்களைக் கீழ்த்தட்டுகளிலும் இலேசானவற்றை மேலும் வைக்க வேண்டும். பெட்டிகளைப் பீரோவின் தலையில் அடுக்குவது இதற்கு நேர்மாறானது. குழந்தைகளை ஈர்க்கும் பொம்மை, மிட்டாய் டப்பா ஆகியவற்றை உயரத்தில் ஒளித்து வைப்பதும் அவர்களை ஏறத் தூண்டும். அலமாரியின் மேற்பகுதியை இரண்டு எல் வடிவத் தகடுகளால் சுவரோடு பிணைப்பதே உறுதியான வழி. இதற்குத் தேவையானவை துளைக்கருவி, சில திருகாணிகள், கால்மணி நேரம். சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் ஒப்புக்கொள்ளாத வாடகை வீட்டில், இழுப்பறை கொண்ட உயர்ந்த அலமாரியைத் தவிர்த்து, இடுப்பளவுக்கு மேற்படாத, அகன்ற அடிப்பகுதியுள்ள ஒன்றைத் தெரிவு செய்யலாம். பீரோவின் கைப்பிடி உள்ளிருந்து திறக்க இயலாதது என்பதால், ஒளிந்து விளையாடும் வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டில் அது எப்போதும் பூட்டப்பட்டு, சாவி வேறிடத்தில் இருக்க வேண்டும்.